கை வழுக்கிய பந்து

சூரத்திலிருந்து வந்த லாரி, பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு பண்டல்கள். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. சாய்சரண் ஒவ்வொன்றாக தோளில் ஏற்றிக்கொண்டு, சந்து நெடுக நடந்து, கிடங்கின் இரண்டாவது மாடி வரை படியேறினான். லிஃப்ட் முன்பக்கத்தில் இருந்தது. அது கடைக்கு வருகிறவர்களுக்கு.

அவன் எல்லாப் பண்டலையும் இடது தோளில்தான் வாங்கினான். கதவருகே சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த வலியுல்லா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"வலது தோள்ல இன்னா தங்கம் வச்சிகினு கீறியா?"

"நாளைக்கு மேட்ச் கீது பாய்."

நாலு வருஷத்துக்கு முன் வேலவன் சில்க்ஸ் முதலாளி மாணிக்கவாசகம் அவனை வேலைக்கு எடுத்ததே பந்து வீசுவதற்காகத்தான். நகர கிரிக்கெட் லீக்கின் நாலாவது டிவிஷனில் கடையின் பெயரில் ஓர் அணி ஆடியது. அணியில் இருக்கும் வரை கிடங்கில் வேலை, மாதம் பதினாலாயிரம்; பயிற்சி நாட்களில் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடலாம். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய வீட்டில் இருக்கிறவனுக்கு, இருபத்தைந்து வயதில் இப்படி ஒரு வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் அவன் அம்மா சொன்னாள்.

மதியம் சாப்பிடும்போது வலியுல்லா விரித்த பேப்பரில் பேட்ஸ்மேன் தேசாயின் படம் இருந்தது. வடக்கே ஏதோ ஒரு அணி அவனைப் பதினாறு கோடிக்கு ஏலத்தில் எடுத்திருந்தது. வலியுல்லா அந்த மூஞ்சியின் மேல் டிபன் பாக்ஸ் மூடியை வைத்தார்.

"பதினாலு மேட்ச். ஒரு மேட்சுக்கு ஒரு கோடிக்கு மேல வருது. கட்டையால பந்த அடிக்கறதுக்கு. நான் இந்தக் கிடங்குக்கு வந்து இருபத்தாறு வருசம் ஆவுது."

"கூட்டம் யாருக்கு பாய் வருது? அவனுக்குத்தான வருது. டிவிக்காரன் குடுக்கறான், அவன் வாங்கறான். பத்து வருசந்தான் ஒடம்பு தாங்கும். அதுக்குள்ள சம்பாரிச்சாத்தான் உண்டு."

"நீ இன்னா அவனுக்கு வக்கீலா?"

"வக்கீலுல்லாம் இல்ல. நீ ஒரு தபா அவனுக்கு எதுருல நின்னு பாரு. அப்ப தெரியும் எதுக்குக் குடுக்கறாங்கன்னு."

மூன்று வாரம் கழித்து தேசாய்க்கு எதிரில் நிற்கும் வாய்ப்பு சாய்சரணுக்கே வந்தது. தேசாயின் அணி ஆட்டங்கள் தொடங்கும் முன்பே சென்னைக்கு வந்து, அடையாறில் ஒரு மைதானத்தைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தது. ஆட்டக்காரர்களுக்குப் பந்து போட உள்ளூர்ப் பையன்கள் பதினாறு பேரைக் கூப்பிட்டார்கள். நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, மதியச் சாப்பாடு, இரண்டு டி-ஷர்ட். மாணிக்கவாசகம் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தார். ஆனால் சந்தோஷமாகக் கொடுத்தார்.

"நம்ம கடை தொப்பியப் போட்டுக்கிட்டுப் போலே. நாலு பேரு பாக்கட்டும்."

முதல் மூன்று நாள் யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. அடையாள அட்டையில் பெயர் இருக்குமிடத்தில் 'நெட் பௌலர் 11' என்று அச்சடித்திருந்தார்கள். சாப்பாடு தனிப் பந்தலில். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு தேசாய் அவன் நின்ற வலைக்குள் வந்தான். டிவியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தான். முதல் ஆறு பந்துகளையும் எங்கே போட்டாலும் அடித்தான். மட்டையில் படும் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தது. சாய்சரணுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று அவன் எப்போதும் நினைத்தது சரியாகவே இருந்தது.

தேசாய் மட்டையால் தன் காலடியைத் தட்டிக் காட்டினான். "யார்க்கர். ஃபுல் ஸ்பீட்."

கோச்சும் தலையாட்டினார். அடுத்த பந்து அடி வாங்கி உயரமாகப் போய் வலையின் மேல் கம்பியில் மோதியது. அதற்கடுத்தது கொஞ்சம் முன்னால் குத்தி அதுவும் அடி வாங்கியது. மூன்றாவது பந்துக்கு அவன் இரண்டு அடி பின்னால் போய் ஓடத் தொடங்கினான். கையை விட்டுக் கிளம்பியபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போகிற மாதிரி போன பந்து கடைசி ஒரு கஜத்தில் உள்ளே திரும்பி, இறங்கி வந்த மட்டைக்கு அடியில் புகுந்து, இடது கால் கட்டைவிரலில் போய் விழுந்தது. பழைய ஓடு உடைகிற சத்தம்.

தேசாய் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "குட் பால்," என்றான்.

அதற்குள் ஆறேழு பேர் ஓடி வந்துவிட்டார்கள். ஷூவைக் கத்தரியால் வெட்டினார்கள். ஐஸ் வந்தது, வண்டி வந்தது. சாய்சரண் ஸ்டம்புக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அடுத்த வலைகளில் பந்து போட்டுக்கொண்டிருந்த பையன்கள் அவன் பக்கம் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நிர்வாகி ஒருவர் வந்து அவன் கழுத்திலிருந்த அட்டையை அவரே கழற்றினார்.

"நாளைக்கு வர வேணாம்."

"சார், அவருதான் கேட்டாரு. கோச்சும் பாத்துகினுதான் இருந்தாரு."

"எனக்கும் தெரியும்பா. கெளம்பு."

சாயங்காலத்துக்குள் யாரோ எடுத்த வீடியோ வெளியே வந்துவிட்டது. பதினொரு விநாடி. பந்து போகிறது, தேசாய் விழுகிறான், தொப்பி போட்ட ஒருவன் நிற்கிறான். தொப்பியில் கடையின் பெயர் தெளிவாக இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அவன் அம்மாவைப் பற்றிக் கண்டபடி எழுதினார்கள். கடையையும் விடவில்லை. மறுநாள் மாணிக்கவாசகம் அவனை மேலே கூப்பிட்டு போனைக் காட்டினார்.

"துணியத் தொட்டுக்கூடப் பாக்காதவனெல்லாம் நம்ம கடைக்கு ஒத்த ஸ்டாரு போடுதான். ஐநூறு பேரு. நீ என்ன செய்வ, அது எனக்குப் புரியுது. ஆனா நான் யாவாரம் பண்ணுதவன்லா?"

"இப்ப நான் இன்னா பண்ணணும் அண்ணாச்சி?"

"இந்த சீசனுக்கு டீம்ல வேண்டாம். அடுத்த வருசம் பாப்போம். கிடங்குல மத்தவன மாதிரி ஒம்பது வரைக்கும் இரு."

அன்று முதல் இரண்டு மணிக்குக் கிளம்புகிற வழக்கம் நின்றது. எக்ஸ்ரேயில் தேசாயின் விரல் முறிந்திருந்தது. ஆறு வாரம் ஆட முடியாது. சாப்பாட்டு நேரத்தில் வலியுல்லா செய்தியைப் படித்தார்.

"ஆடாட்டியும் பதினாறு கோடியும் உண்டாம். முழுசா."

சாய்சரண் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "குடுக்கத்தான் வேணும். வேல செய்யற எடத்துலதான அடிபட்டுச்சு."

"என் கால்ல பண்டல் விழுந்து இருபத்தோரு நாளு படுத்துகினு இருந்தேன். அது எந்த எடமாம்?"

வலியுல்லா ரசத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

பத்து நாள் கழித்து, காலை பதினொன்றரைக்கு, ஒரு பெண் கிடங்கைத் தேடி வந்தாள். மாணிக்கவாசகமே கூட்டிவந்தார். பெயர் அனன்யா, தேசாயின் அணிக்குச் சென்னை வேலைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருந்தாள். உட்கார இடம் தேடினாள். வலியுல்லா ஒரு பண்டலின் தூசியைத் தட்டிவிட்டார். அவள் நின்றுகொண்டே ஃபைலைத் திறந்தாள்.

"பயப்படாதீங்க, உங்க மேல கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லை. தேசாய் சார் ஆடாத மேட்சுக்கெல்லாம் டீமுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வரணும். அதுக்குப் பந்து போட்டவரோட ஸ்டேட்மென்ட் ஒண்ணு வேணும். ரெண்டு இடத்துல சைன் பண்ணினாப் போதும்."

தாள் இங்கிலீஷில் இருந்தது. அவன் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தான். மூன்றாவது வரியில் விரலை வைத்தான்.

"இதுல கை வழுக்கிச்சுன்னு போட்ருக்குதே?"

"ஆமாம். பந்து ஈரமா இருந்துது, கிரிப் போயிடுத்து, எதிர்பாராம கால்ல பட்டுடுத்து. விபத்துன்னு இருந்தாத்தான் கிளெய்ம் வரும்."

"வழுக்கல மேடம். அவரு யார்க்கர் கேட்டாரு. நான் போட்டேன். எங்க போடணும்னு நெனச்சனோ அங்கதான் போட்டேன்."

"புரியறது. ஆனா அப்படி எழுதினா, தெரிஞ்சே கேட்டு வாங்கின ரிஸ்க்னு இன்ஷூரன்ஸ்காரா சொல்லிடுவா. இதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"போட்டுக் குடுலே," என்றார் மாணிக்கவாசகம். "நமக்கு எதுக்கு வம்பு? அடுத்த வருசம் டீமுன்னு ஒண்ணு இருக்குல்லா."

புடவைப் பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டான். பேனாவைக் கொடுக்காமல் கேட்டான்:

"அங்க ஸ்பீடு அளக்கற மிசின் வச்சிருந்தாங்க. அந்தப் பந்து எவ்ளோ ஸ்பீடுன்னு இந்த ஃபைல்ல இருக்குமா?"

அனன்யா இரண்டு பக்கம் புரட்டினாள். ஓரிடத்தில் நின்று படித்துவிட்டு மூடினாள். "அதெல்லாம் டீம் டேட்டா. வெளில சொல்லக் கூடாதும்பா. ஸாரி." பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் உடம்பைப் பார்த்தாள். அவன் போட்டிருந்த டி-ஷர்ட் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அணியின் சின்னம் நூல் பிசிறாகத் தெரிந்தது.

"இதுவும் லிஸ்ட்ல இருக்கு. பத்து நாளும் முடிச்சவா வெச்சுக்கலாம். பாதில போனவா ரெண்டையும் ரிட்டர்ன் பண்ணணும்."

"ஒண்ணு வீட்ல காயுது."

"அதை நாளைக்கு ஆஃபீஸ்ல குடுத்துடுங்கோ."

அவன் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி டி-ஷர்ட்டைக் கழற்றினான். உள்ளே பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. டி-ஷர்ட்டைச் சரியான பக்கம் திருப்பி, அதே பெட்டி மேல் விரித்து, கையால் சுருக்கம் நீவினான். அதன் மார்புப் பக்கத்துக்குள் ஓர் அட்டையை வைத்துக் கைகளைப் பின்னால் மடக்கி, பக்கத்துக்கொன்றாகக் குண்டூசி குத்தி, மூன்றாக மடித்தான். சின்னம் நடுவில் வந்தது. புதுச் சட்டைகளுக்கு வைத்திருந்த கவர் ஒன்றை ஊதிப் பிரித்து, உள்ளே நுழைத்து, வாயை ஒட்டி அவளிடம் நீட்டினான்.

அவள் அதை ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். கவரின் உள்பக்கம் அதற்குள் வியர்வை ஆவியாகப் படர ஆரம்பித்திருந்தது.