கூழைக்கடா அணியின் பெயர் மாறிய வரலாறு

தையல்காரி எடுவிகெஸின் வீட்டின் மேல் மட்டும் பதினோரு வருடம் இறகு பெய்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கும். காப்பி கொதிப்பதற்குள் நின்றுவிடும். சாம்பல் நிறம், மீன் கவிச்சி. பக்கத்து வீட்டுக் கூரையில் ஒன்றுகூட விழாது. பாதிரியார் வந்து பார்த்தார், ஈரத்தோடு கூட்டாதே, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஊரான புவெர்த்தோ மான்சோவின் பேஸ்பால் அணிக்குக் கூழைக்கடா என்று கடற்பறவையின் பெயரை வைத்தவர்கள் மீனவர்கள். அணி ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தம். கடலில் யாராவது போய்ச் சேர்ந்தால், அவர் சட்டையிலிருந்து ஒரு நூலை உருவி, ஆட்டக்காரர்களின் மார்பிலிருக்கும் பறவையில் சேர்த்துத் தைப்பார்கள். சட்டை நைந்தால் பறவை அப்படியே புதுச் சட்டைக்கு மாறும். ஒரு புயல் மைதானத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போக, சங்கம் கையை விரித்தது. சிமெண்ட் ஆலை முதலாளி டான் பௌலினோ அணியை வாங்கினார். இனி பெயர் சுத்தியல், சின்னமும் சுத்தியல் என்றார். பறவையைப் பிரிக்க ஊரில் எந்தத் தையல்காரியும் ஒப்பவில்லை. எடுவிகெஸ் மட்டும் ரகசியமாக ஒப்பினாள். அவள் மகன் நெரேயோ அணியில் ஆட வாய்ப்பில்லாமல் மூன்று வருடமாக பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை ஆடவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு பறவைகளையும் பிரித்து, நூலைக் கரியடுப்பில் போட்டாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷனின் நூலும் அதில் இருந்தது. மறுநாள் காலை முதல் இறகு விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நெரேயோ பிரமாதமாக ஆடினான். சுத்தியல் அணி நான்கு முறை கோப்பையைத் தூக்கியது. ஊர் அவனைத் தோளில் சுமந்தது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் எடுவிகெஸ் கூனிக் குறுகினாள். சந்தையில் விதவைகள் எதிர்ப்பட்டால் வேறு சந்துக்குள் நுழைந்துகொண்டாள். மகனிடம் சொல்ல வாயெடுத்தாள், பலமுறை. அவன் சிரிப்பைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

டான் பௌலினோ இறந்ததும் அவர் மகள் அணியைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தாள். பழைய பெயரை வைக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள். அங்கே, மகன் முன்னால், எடுவிகெஸ் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். நெரேயோ தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்தான். இரண்டு தம்பிகளைக் கடலுக்குக் கொடுத்த தெலெஸ்ஃபோராதான் பேசினாள்.

"உக்காருடி. பிரிச்சது நீதான்னு அன்னிக்கே தெரியும். உன் கூரையில கொட்டுறது எங்க கண்ணுல படாதா? ஜெயிச்சுக்கிட்டிருந்தோம். அதான் வாயை மூடிக்கிட்டோம்."

யாரும் மறுக்கவில்லை. அன்று பெயரைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை.

மறுநாள் காலை ஊரின் எல்லாக் கூரைகளின் மேலும் இறகு விழுந்தது. கடைத்தெருவில் துடைப்பம் பத்து மணிக்குள் தீர்ந்துபோனது.