தம்பி பெயரில் ஒரு படிவம்

எங்கள் வீட்டில் போரால் பாதிக்கப்பட்டவன் ஒருவன்தான். என் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன் ஷெல் விழுந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தோம். வெளியே வந்து செத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்ததும் இரண்டு பேரும்தான். ஆனால் பாதிப்பு என்னவோ அவனை மட்டும் தேடிப் பிடித்துக்கொண்டது என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆதாரம் இல்லாமல் இல்லை. பதினேழு வயதுக்குள் இரண்டு கண்ணாடி, ஒரு கதவு, பக்கத்து வீட்டுப் பையனின் மூக்கு என்று உடைத்திருக்கிறான். நான் தையல் கம்பெனிக்குப் போய் ஒரு நாளைக்கு நூற்றைம்பது காலர் தைக்கிறேன், வந்து உலை வைக்கிறேன். கை நடுங்கினாலும் காலர் நேராக வருகிறதே, பிறகென்ன? பொறுப்பான பெண் என்று சூப்பர்வைசர் முதல் மாமா வரை சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. தம்பி அழுதால் ஆம்பளப் பிள்ளை அழலாமா என்பார்கள், அதனால் உடைக்கிறான். நான் உடைத்தால் யார் கூட்டி அள்ளுவது? நான்தான். அதனால் உடைப்பதில்லை.

சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் மனநல டாக்டரம்மா வருகிறார். கூட்டம் அதிகம், வீட்டுக்கு ஒருவரைத்தான் பார்ப்பார்கள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் தம்பியை இழுத்துப் போனாள். அவன் வாயே திறக்கவில்லையாம். அவனை நன்றாகத் தெரிந்தவர் யாராவது எழுதித் தரட்டும் என்று இருபது கேள்விகள் உள்ள படிவத்தைக் கொடுத்தனுப்பினார் டாக்டரம்மா. எழுதுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துப்போகிறதா? தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதுண்டா? செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா? உடைந்த மூக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் இத்தனை அக்கறையாகக் கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் உண்மையை எழுதினேன், என் உண்மையை. மேலே தம்பி பெயர் ஏற்கெனவே இருந்தது.

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். படிவத்தை வாய்விட்டுப் படித்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. பிள்ளை இவ்வளவையும் மனசுக்குள் வைத்திருந்தானா என்று அம்மா கண்ணைத் துடைத்தாள், அதில் கொஞ்சம் பெருமையும் தெரிந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதத் தொடங்கினார். என் வியாதிக்கு அவன் மாத்திரை விழுங்கப்போகிறான்.

தம்பி தரையைப் பார்த்தபடியே பேசினான். "அது நான் இல்ல. அக்காதான்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிம்மா இருக்க?"

இந்த ஒரு கேள்விக்குத்தானே மூன்று வருஷமாக ஏங்கினேன்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

பழகிப்போன வாய், என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவளுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அம்மாவும் ஒத்து ஊதினாள்.

தம்பி எழுந்தான். உதடு துடித்தது. "பொய் சொல்றா. வீட்டுக்கு ஒருத்தர்தானே பாப்பீங்க? இவளப் பாருங்க."

நாற்காலி காலியாக இருந்தது. வேண்டாம், அவனையே பாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நல்ல அக்கா அப்படித்தான் சொல்வாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.