அரசாங்க ஃபிலிமில் ஒரு குழந்தை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இந்த வருடம், 1999இல், பெங்களூரில் ஓர் அரசு ஆவணக் காப்பகம் (எது என்று குடையாதீர்கள்) பழைய புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்தது. மல்லேஸ்வரத்தில் என் பக்கத்து வீட்டு அம்புஜம் மாமி, அவர் எடுத்த படமெல்லாம் மாட்டியிருக்காளாம், அழைச்சிண்டு போயேன் என்றாள். அவர் என்றால் மாமியின் கணவர் தேசிகன். அரசாங்க விளம்பரத் துறையில் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமாகி [எத்தனை வருடம்? விடு, யாருக்கு வேண்டும்] ரொம்ப நாளாகிறது.

வாசலில் அவர் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. அணைக்கட்டு, பாலம், மந்திரி ரிப்பன் வெட்டுவது என்று பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு படத்தின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றுதான் நினைத்தேன்.

படத்தில் ஒரு பெண் குழந்தை. சிமென்ட் மூட்டைகளுக்கு முன்னால், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே வாசகம்: ‘அணைக்கட்டுப் பகுதியில் ஒரு குழந்தை, 1954. பெயர் தெரியவில்லை. உரிமை: அரசு.’

“என் பொண்ணு” என்றாள் மாமி.

2

இந்தப் பகுதியை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘அன்று மழை பிடித்துக்கொண்டது. தேசிகன் தன் கேமராவை மார்போடு’

வேண்டாம். மழையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாமி சொன்னதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ரோல் முழுவதையும் எடுத்து முடித்த பிறகுதான் கழுவக் கொடுப்பார்கள். அணைக்கட்டில் வேலை முடிந்துவிட்டது, ஆபீஸ் ரோலில் கடைசியாக ஒரு படம் மிச்சம். குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்த நேரம். மூன்று வயது மகளை நிறுத்தி எடுத்துவிட்டார் தேசிகன். அடுத்த மாதமே அம்மை போட்டுக் குழந்தை போய்விட்டது. வேறு படமே கிடையாது. அந்தப் படம் எங்கே என்று மாமி கேட்டதற்கு, “விழலை அம்புஜம், வெளிச்சம் பட்டுடுத்து” என்றாராம். சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னார்.

விழுந்திருக்கிறது. பளிச்சென்று விழுந்திருக்கிறது! அதே ஊரில், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், ஓர் அலமாரிக்குள் இருந்திருக்கிறது.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வரைவில் தேசிகனைக் கல்நெஞ்சக்காரர் என்று எழுதி, பிறகு அடித்தேன். ஆபீஸ் பேனாவால் வீட்டுக் கணக்குக்கூட எழுதாத மனிதர். அரசாங்க ஃபிலிமில் சொந்தக் குழந்தையை எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். இது என் ஊகம். ஊகத்தை வைத்து ஒருவரை மன்னிக்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?)

3

படப் பிரிவின் பொறுப்பாளர் ஓஸ்வால்ட், லிங்கராஜபுரத்துத் தமிழர், தங்கமான மனிதர். மாமியை நாற்காலியில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்தான், அதுவும் படத்தின் நடுவில் முத்திரை குத்தித்தான் தருவார்களாம். முத்திரையில்லாத படம் வேண்டுமென்றால் உரிமை இருக்க வேண்டும்.

உரிமை யாருக்கு என்பதையும் பொறுமையாக விளக்கினார். உத்தியோகத்தின் பேரில் எடுத்தது அரசாங்கத்துக்கு. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் தனக்கென்று எடுத்தது என்றால் எடுத்தவருக்கு, அவருக்குப் பின் மனைவிக்கு.

அப்படியானால் அது எங்களுடையதுதான் என்றாள் மாமி. பேர் தெரியாது என்று எழுதியிருப்பதையும் திருத்தச் சொன்னாள்.

ஓஸ்வால்ட் தயங்கினார். அந்த வாசகம் காப்பகம் எழுதியதில்லை. வேலை விஷயமாக எடுத்தது, குழந்தை பெயர் தெரியாது என்று படம் எடுத்தவரே கொடுத்த விவரமாம்.

மாமியின் கையிலிருந்த காபி புடவையில் கொட்டியது. அவள் கவனிக்கவே இல்லை.

“அம்மா, அவர் சொந்தத்துக்குத்தான் எடுத்தார்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் மேல அனுப்பறேன்” என்றார் ஓஸ்வால்ட். “ஆனா சர்க்கார் ஃபிலிமை எடுத்துக்கிட்டாரு, பொய் விவரம் குடுத்தாருன்னும் ரெக்கார்டுல ஏறிடும். வெளியே போர்டுல அவர் பேருதான் இருக்கு. யோசிச்சுக்குங்க.”

4

முடிவு ஒன்று: மாமி எழுதிக் கொடுக்கிறாள். படம் வீட்டுக்கு வருகிறது. கூடத்தில் மாலை போட்ட தேசிகனுக்குப் பக்கத்தில் அதை மாட்டப் போகும்போது அவளுக்கு

முடிவு இரண்டு: உரிமைக் காலம் தீரட்டும் என்று காத்திருக்கிறாள். [அவளுக்கு இப்போதே எழுபது ஆகப்போகிறது. இதை யோசித்ததற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.]

முடிவு மூன்று: ஓஸ்வால்ட் யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி போட்டு... சினிமா. அடித்தாயிற்று.

நிஜத்தில், வீட்டுக்கு வந்ததும் மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். நீதான் எழுதறவளாச்சே, நான் சொல்லச் சொல்ல எழுது என்றாள். குழந்தையின் பெயரைச் சொன்னாள், எழுதினேன். பிறந்த ஊரைச் சொன்னாள், எழுதினேன். ‘என் கணவர்’ என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

“ஃபிலிமை எடுத்துண்டது எனக்குப் பெரிசில்லை” என்றாள் கடைசியில். “குழந்தையை அவாளுக்குக் குடுத்துட்டு, எனக்கு இல்லேன்னுட்டாரே.”

நீயே ஏதாவது எழுதி முடி, கையெழுத்துப் போடறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இத்தனை வருடம் கதை எழுதியிருக்கிறேன், இந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. தாள் இதோ இருக்கிறது. மாமி எழுந்து வந்து கேட்பாள். தேசிகன் என்ன செய்தார் என்று நான் எழுதட்டும், சொல்லுங்கள்.