தூதரகத்துக்குப் போன துக்கச் சோறு

நம் நாடும் மெராவா நாடும் சேர்ந்து நடத்திய கடலோரப் பயிற்சிக்கு ‘கைகோத்த அலைகள்’ என்று பெயர். மூன்றாம் நாள் நம் பீரங்கி ஒன்று, கடலில் மிதந்த வெற்றுப் பீப்பாயை விட்டுவிட்டு, எல்லைக்கு அப்பால் இருந்த மெராவாவின் காவல் குடிலைச் சுட்டுவிட்டது. உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்த கார்ப்பரல் லத்தீப் இறந்துபோனார். பீப்பாய் நலமாக இருந்தது.

மெராவா தன் தூதரை ஆலோசனைக்குத் திரும்ப அழைத்தது. நாம் நம் தூதரை அதைவிட ஆழமான ஆலோசனைக்கு அழைத்தோம். அவர்கள் நம் டுரியான் பழங்களைத் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். நான்காம் நாளிலிருந்து டுரியான் தன் கண்டனத்தை நாற்றமாகத் தானே தெரிவித்துக்கொண்டது. கூட்டு விசாரணைக் குழு ஒரு முழு அமர்வில் மேசை வட்டமா நீளமா என்று விவாதித்தது. நம் அறிக்கை ‘வருந்தத்தக்க நிகழ்வு’ என்பதோடு நின்றுவிட்டது. வருந்த வேண்டியது யார் என்பதை அது சொல்லவில்லை.

வருந்திக்கொண்டிருந்தவன் கிள்ளானில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருந்தான். பெயர் தனேஷ், வயது இருபத்து நான்கு. அந்தப் பீரங்கியின் கயிற்றை இழுத்தவன். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று படை அனுப்பிவிட்டது. பதினோரு நாளாக நாளுக்கு இரண்டு பிஸ்கட், அதற்குமேல் எதுவும் அவனுக்கு இறங்கவில்லை.

“சுடுற எடத்துக்கு நம்பர் குடுத்தது யாருடா?” என்று கேட்டாள் அவன் அம்மா மலர். நூறாவது தடவையாக.

“ஆபீசர்.”

“அப்புறம் நீ ஏன்டா பட்டினி கெடக்குற? அவரு கெடக்கட்டும்.”

“அவரு நம்பர்தான்மா சொன்னாரு. இழுத்தது என் கை.”

மலர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையல்காரி. தினம் முந்நூறு பேர் அவள் சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறார்கள். பெற்ற பிள்ளை மட்டும் தட்டைத் தள்ளுகிறான்.

அன்று மாலை தொலைக்காட்சியில் மெராவா தூதரகத்தைக் காட்டினார்கள். கொடி அரைக்கம்பத்தில் இருந்தது.

“பாத்தியா, கொடிய எறக்கியிருக்காங்க. அப்ப அது எழவு வீடு. எழவு வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. இத்தன நாளு யாருடா சோறு கொண்டுபோய்க் குடுத்தா?”

“அது ஆபீஸ்மா. கேன்டீன் இருக்கும்.”

“இருக்கட்டும்லா. கேன்டீன்காரன் துக்கம் கேப்பானா? நான் போறேன்.”

“போகாதம்மா. நீ யாரோட அம்மான்னு தெரிஞ்சா மூஞ்சில துப்புவாங்க.”

“துப்புனா தொடச்சிக்கிறேன். நீ என் சோத்தத் துப்புறதுக்கு அது எவ்வளவோ மேல். நான் போய் நேர்ல கேட்டுட்டு வந்தா ரெண்டு வாய் சாப்பிடுவியா?”

தனேஷ் மாட்டேன் என்று தலையாட்டவில்லை. பதினோரு நாளில் அதுவே முன்னேற்றம்.

மறுநாள் காலை மலர் முதலாளியிடம் சொல்லிவிட்டு, சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ரசம் என்று நான்கடுக்கு டிபன் கேரியரோடு தூதரகத்துக்குப் போனாள். வாசல் காவலர் கேரியரை எக்ஸ்ரே இயந்திரத்தில் இரண்டு முறை ஓட்டினார். ரசத்தை அவர் வெகுநேரம் சந்தேகப்பட்டார்.

வரவேற்பில் பங்சாரிலிருந்து வரும் ராஜினி. ஒன்பது வருடமாக அங்கே வேலை. எந்தப் பிரமுகருக்கும் எழுந்து நிற்பதை விட்டுவிட்டவள்.

“ஆன்டி, டெலிவரியா? யாரு ஆர்டர் பண்ணா?”

“ஆர்டர் இல்லம்மா. துக்கம் கேக்க வந்தேன். கயித்த இழுத்தான்ல, அவனோட அம்மா.”

ராஜினி எழுந்து நின்றாள்.

பிறகு தொலைபேசிகள் அலறின. இந்தச் சோறு அரசு சார்ந்ததா, தனிப்பட்டதா? வாங்கினால் மன்னிப்பை ஏற்றதாகுமா? மெராவாவின் தலைநகர் ‘உள்ளே என்ன?’ என்று கேட்டது. ‘பருப்பு’ என்று பதில் போனது. சட்ட ஆலோசனை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

இதற்குள் மலர், சோபாவை விட்டுவிட்டு, வரவேற்பறையில் இருந்த கொடியருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துக்க வீட்டில் நாற்காலி தேடுவது அவள் வளர்ப்பில் இல்லை. கேமராவில் இதைப் பார்த்த பாதுகாப்பு அதிகாரி, ‘ஒரு பெண் உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்கிவிட்டார்’ என்று மேலே தகவல் கொடுத்தார்.

இர்வான் இறங்கி வந்தார். மேலதிகாரிகள் எல்லோரும் ஆலோசனைக்குப் போய்விட்டதால், பெரியவர்கள் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளைபோலத் தூதரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நிலைச் செயலாளர். கையில் நான்கு பத்தி அறிக்கை. மெராவாக்காரர்களின் பேச்சும் மலாய்தான்.

“அம்மா, உங்கள் கோரிக்கை என்ன?”

“கோரிக்கையா?” மலர் ராஜினியைப் பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், அவளே சொன்னாள். “ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடணும். அவ்வளவுதான்.”

இர்வான் அறிக்கையை மடித்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு, கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். “எங்கள் ஊரிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவருவார்கள்,” என்றார். “நாங்கள் உங்கள் பக்கத்து வீடு. பன்னிரண்டு நாளாக ஒருவரும் வரவில்லை.”

அவர் சாப்பிட்டார். ராஜினிக்கும் ஒரு கிண்ணம் போனது. சட்ட ஆலோசனை இன்னும் வந்தபாடில்லை.

“உங்கள் மகன்?”

“சாப்பிட மாட்டேங்கிறான். செத்த புள்ளையோட அம்மா என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியாம அவனுக்குச் சோறு எறங்காது. அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்.”

லத்தீபின் தாயிடம் இர்வான் தினமும் பேசி வந்தார். தினமும் அந்தத் தாய்க்குக் கிடைத்த பதில், குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது என்பது. இப்போது அவர் அழைத்து, விவரம் சொல்லி, கைப்பேசியை மலரிடம் நீட்டினார். மலர் மன்னிப்புக் கேட்டாள். நாடுகள் இரண்டும் சுற்றிச்சுற்றி வந்த சொல்லை நேராகச் சொல்லிவிட்டு அழுதாள். மறுமுனையில் லத்தீபின் தாய் கேட்டார்.

“உன் பிள்ளைக்கு எத்தனை வயது?”

“இருபத்து நாலு.”

“என் பிள்ளைக்கு இருபத்தாறு. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டினி கிடக்கட்டும் என்று சொல்லவும் வரவில்லை. சாப்பிடச் சொல்.”

இர்வான் அந்தத் தாயின் எண்ணை அறிக்கையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்கு ஒரு பயன் கிடைத்தது. துக்க வீட்டில் விடைபெறக் கூடாது என்பதால் மலர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினாள்.

கிள்ளானுக்கு வந்து ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் மகனிடம் சொன்னாள். தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். தனேஷ் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

“அவங்க சாப்பிட்டாங்களாம்மா?”

மலர் திகைத்தாள். ஊருக்கே சோறு போடுகிறவள், அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

அவன் இடக்கையால் அந்த எண்ணை அழுத்தினான். மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“மக்சிக்,” என்றான். மலாயில் பெரியம்மா வயதுக்காரரைக் கூப்பிடும் சொல். “நான்தான் தனேஷ். நீங்கள் சாப்பிட்டீர்களா?”

யாரும் துப்பவில்லை. இணைப்பையும் துண்டிக்கவில்லை.

“இல்லை,” என்றது அந்தக் குரல்.

“நான் காத்திருக்கிறேன்.”

அவன் கையில் சோற்றோடு காத்திருந்தான். மலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். வெகு தூரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரு மூடி திறந்தது. தட்டில் கரண்டி பட்டது. அது நிற்காமல் இரண்டாம் முறையும் பட்ட பிறகு, தனேஷ் முதல் கவளத்தை வாயில் வைத்தான்.