இருபது விநாடிப் படம்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. ஹட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி மலருக்கு, இன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்தும் முறைகளை ஒப்பிட்டு எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். நான் தமிழ் வாத்தியார். கரண்ட் போனால் சுவிட்சை நாலு தரம் தட்டிப் பார்ப்பதுதான் என் மின்னியல் அறிவு. ஆனாலும் ஒத்துக்கொண்டேன், மலரில் போட்டோ போடுவார்களாம்.

அங்கே படிப்பிக்கும் லோஜினியிடம் போய் நின்றேன். அவள் முறைகளை விளக்கிவிட்டு, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தனக்கு நடந்ததையும் சொன்னாள். கட்டுரை அத்தோடு செத்தது.

2

மஸ்கெலியாவைப் பனி மூடியிருந்த அந்த—

(இல்லை. அன்றைக்கு மழை. பனி என் பழக்கதோஷம்.)

மழை பிடித்த ஒரு மத்தியானம், லோஜினி இரண்டு பெட்டிகளோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். கரண்ட் நின்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் இன்வெர்ட்டர்கள். இரண்டும் அவளே கட்டியவை. ஒன்று பழைய முறை: மின்சார அலை பிசகிய பிறகு பார்த்து, மெல்ல மெல்லத் திருத்தும். மற்றது அவளுடைய ஆய்வு: எப்படிப் பிசகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, உடனே திருத்தும். (இதற்கு மேல் கேட்காதீர்கள். எனக்கு ஏறியது இவ்வளவுதான்.)

கல்லூரி மேசையில் புதுப்பெட்டிதான் ஜெயித்தது. ஆய்வுக்கட்டுரையும் முக்கால்வாசி தயார். நிஜமான இடத்தில் ஒருநாள் ஓடியதாகக் காட்டினால் போதும்.

3

டிஸ்பென்சரிக் கட்டிலில் வேலாயி, மூச்சுத்திணறலோடு ஒட்சிசன் மெஷினில் கிடந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தது. (முதல் பிரதியில் அவருக்கு வயது எழுபது. நீங்கள் இரக்கப்படுவீர்கள் என்று நான் கூட்டியது. உண்மையில் ஐம்பத்திரண்டு.)

இரண்டு மணிக்குக் கரண்ட் நின்றது. தோட்டத்து ஜெனரேட்டர் ஃபெக்டரிக்கு மட்டும்தான்.

"மிஸ், உங்க பெட்டியப் போடுவோமா?" என்றார் டிஸ்பென்சரிப் பொறுப்பாளர் இக்னேசியஸ்.

"புதுசையே போடுவோம் சேர்."

மெஷின் ஓடியது. சொந்த பேட்டரியில் ஓடும் அளவுக்கருவியின் திரையில் அலை வழுவழுவென்று வந்தது. லோஜினிக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோராவது நிமிடம், அதே லைனில் இருந்த மருந்து ஃபிரிட்ஜின் மோட்டார் உதறிக்கொண்டு கிளம்பியது. அவள் போட்ட கணக்கில் அந்த மோட்டார் இல்லை. பெட்டி ஒருதரம் கீச்சிட்டு நின்றது, ஒட்சிசன் மெஷினும் நின்றது.

"மிஸ்! பழையதுக்கு மாத்துங்க!" வேலாயியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இக்னேசியஸ் கத்தினார்.

திரையில் அலை உடைந்த இடம் அப்படியே உறைந்து நின்றது. லோஜினி போனை எடுத்துப் படம் பிடித்தாள். கலங்கியிருந்தது. இன்னொன்று பிடித்தாள். அதற்குப் பிறகுதான் வயரை மாற்றினாள். பழைய பெட்டி முனகியது, லைட் மங்கியது. ஆனாலும் தாக்குப் பிடித்தது.

வேலாயியின் மூச்சு அப்போது ஒரு—

(இங்கே ஓர் உவமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். நாலு எழுதி நாலையும் வெட்டினேன். அவ்வளவு நேரமும் என் கதையில் அந்த மனுசி ஒட்சிசன் இல்லாமல் கிடந்தார். லோஜினி எடுத்ததாவது இருபது விநாடி.)

4

மூச்சு சீரானதும் வேலாயி கண்ணைத் திறந்தார்.

"படம் நல்லா வந்துச்சா மிஸ்?"

குத்தலே இல்லை. ஏதோ முக்கியமான படம் என்றே நினைத்திருந்தார்.

"மன்னிச்சிக்கங்க அக்கா" என்றாள் லோஜினி. எதற்கு என்று வேலாயிக்கு விளங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, பத்து நாளில் வேலாயி நடந்தே லயத்து வீட்டுக்குத் திரும்பினார்.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகளில் முதலாவது: லோஜினி உண்மையை எழுதி விருது வாங்குகி— (சீ.)

இரண்டாவது: எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறாள். (அவள் இதை வாசிப்பாள். எனக்குத் தைரியமில்லை.)

நடந்தது இது. லோஜினி ஒப்பீட்டு அட்டவணையில் எழுதினாள்: புதுமுறை, பதினொரு நிமிடத்தில் நின்றது. பழைய முறை, தாங்கியது. அடியில் ஒரு வரி: 'மாற்ற எடுத்த நேரம் நாற்பது விநாடி. அதில் இருபது, ஆய்வாளர் படம் எடுத்தது.'

ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கடைசி வரி மட்டும் தொழில்நுட்பம் சார்ந்ததல்ல, நீக்கிவிடுங்கள் என்றது.

"எடுத்துடவா சேர்?" என்று என்னிடம் கேட்டாள். நான் டீ குடிக்கிறீர்களா என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் அனுப்பவேண்டும். என்னைவிட நீங்கள் நல்ல ஆளாக இருக்கக்கூடும். சொல்லுங்கள்.