மூன்று கோட் வெள்ளை

போர்டு எழுதுகிறவளுக்கு உயரம் பயமில்லை. நாலாவது மாடிச் சுவரில் ஏணி போட்டு, ஒரு கையில் பிரஷ்ஷும் ஒரு கையில் டப்பாவுமாக நின்று பழகியவள். ஆனால் கட்டிய புருஷன் தன் கையாலேயே இழைத்து ஒட்டிய விமானத்தில் மேலே சுற்றுவதை, கீழே புல்லில் நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. தினமும் தச்சுப்பட்டறையை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில் ஆறு வருஷம் செய்தான். பத்து நாளாக மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, இதுவரை போகாத வேகம் போய்ப் பார்க்கப் போகிறான். அவளுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பக்கத்தில், விமானத்தோடு பேசுகிற ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்ற லாரி மெக்கானிக் அவனுடைய பால்ய சிநேகிதர். பயம் வந்தால் அவருக்கு வாய் ஓயாது.

"நீ கவலையே படாத தங்கச்சி. மாப்ள மாதிரி ஒரு கிறுக்கனை நான் பாத்ததில்ல. எய்லரானை மட்டும் மூணு தடவை கழட்டி மாட்டினான்."

எய்லரான் என்றால் இறக்கையின் பின்விளிம்பில் கீலில் ஆடுகிற நீளப் பலகை. ஓட்டுகிறவன் கையிலிருக்கும் ஸ்டிக்கை அசைத்தால் அதுவும் அசைந்து விமானத்தைச் சாய்த்துத் திருப்பும். அவ்வளவு அவளுக்கும் தெரியும்.

"எதுக்குண்ணே அத்தனை தடவை?"

"கீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை சமமா நிக்கணும். கத்தி விளிம்புல படுக்க வெச்சு, முன்பக்கம் ஈயம் சேத்துச் சேத்துப் பாப்போம். பின்பக்கம் கனத்துச்சுன்னா வேகத்துல படபடன்னு அடிக்கும். அடிக்க ஆரம்பிச்சா மூணு எண்ணுறதுக்குள்ள இறக்கையையே பிச்சிடும். ஒரு கோட் பெயிண்ட் அடிச்சாக்கூட மறுபடியும் எடை போட்டுப் பாக்கணும்னா பாத்துக்கயேன்."

அவள் கண் மேலே, வலது இறக்கைக்குப் போனது. போன செவ்வாய்க்கிழமை இறக்கையில் நம்பர் எழுதும்போது ஏணி சறுக்கி, அதன் கால் எய்லரானின் பின்விளிம்பில் இடித்துவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம். ஆறு வருஷ உழைப்பில் அடி விழுந்ததை அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது? பட்டி வைத்துத் தேய்த்து, அதே வெள்ளையில் மூன்று கோட் அடித்து, தடம் தெரியாமல் முடித்துவிட்டாள். கைவேலை அவ்வளவு சுத்தம் என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட. எடை விஷயத்தை அவனும் சொன்னதில்லை. வீட்டில் ஆபத்துப் பேச்சே எடுக்க மாட்டான், அவள் பயந்துவிடுவாளாம்.

"அண்ணே, இறங்கச் சொல்லுங்க."

"என்னாச்சு?"

சொன்னாள். பாதி கேட்பதற்குள்ளேயே மெக்கானிக் ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

"மாப்ள, மூக்கைத் தாழ்த்தாத. ஸ்பீடைக் குறை."

ரேடியோவில் வெறும் கரகரப்பு. மேலே விமானத்தின் மூக்கு ஏற்கெனவே தாழத் தொடங்கியிருந்தது.

"மாப்ள! கேக்குதா?"

"கேக்குது. இப்பதான் தாழ்த்தினேன். ஏன்?"

மெக்கானிக் ரேடியோவை அவள் கையில் திணித்தார். "நீயே சொல்லு. நான் சொன்னா விளையாடுறேன்னு நெனப்பான்."

இருபது வருஷக் குடும்பத்தில் அவனிடம் மறைத்தது இந்த ஒன்றைத்தான். அதை ஒரு ஊரே கேட்பதுபோல ரேடியோவில் சொல்ல வேண்டியிருந்தது. "என்னங்க, வலது எய்லரான்ல நான் ஏணியை இடிச்சிட்டேன். பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்லல."

கரகரப்புக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"எத்தன கோட்?"

"மூணு. பட்டி தனி."

"விளிம்புலயா?"

"ஆமாங்க."

அதற்குப் பிறகு வந்த குரல் அவளுக்குப் பழக்கமான குரலே இல்லை. "ஸ்டிக் நடுங்குது."

அவள் எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தாள். மனசு தன்னால் எண்ணியது. ஒன்று. இரண்டு. எஞ்சின் சத்தம் தணிந்தது. மூக்கு மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தது. மூன்று தாண்டியும் இறக்கை இருந்த இடத்தில் இருந்தது. மெக்கானிக் புல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அகலமாக ஒரு சுற்றுச் சுற்றி அவன் இறங்குவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. விமானம் ஓடி நின்றது, மூக்கு விசிறி நின்றது, ஆனால் அவன் இறங்கி வரவில்லை. அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது.

அவன் இருக்கைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி திறந்திருந்தது. அவன் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை. வலது கை ஸ்டிக்கைப் பிடித்தபடியே இருந்தது.

"என்னங்க."

"கை விட மாட்டேங்குது," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இறக்கையில் முட்டி போட்டு ஏறி, உள்ளே குனிந்து, அவன் விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரல் வந்தது. அடுத்தது வந்தது. நடுவிரலுக்கு அடியில் தன் விரலைக் கொடுத்து நெம்பினாள். அப்போது மைதானத்தில் லேசாக ஒரு காற்று வீசியது. வலது எய்லரான் சற்றே அசைய, ஸ்டிக்கும் கூட அசைந்தது. பிரித்த விரல்கள் எல்லாம் சட்டென்று மூடிக்கொண்டன, அவள் விரலையும் உள்ளே வைத்து.