ஜமீன் தின்ற சாக்லேட்

எங்கள் நாய்க்கு ஜமீன் என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர் தேவராஜ். நாளெல்லாம் படுத்துக்கிடந்துவிட்டு வேளாவேளைக்குச் சாப்பிட மட்டும் எழுவதால் அந்தப் பெயராம். உண்மையில் அது இவருக்குத்தான் பொருந்தும். நாய் முந்திக்கொண்டது.

அன்று மிளகுத் தோட்டத்திலிருந்து திரும்பினால், என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கறுப்புச் சாக்லேட் டப்பா கட்டிலடியில் காலியாகக் கிடந்தது. இவருக்குச் சர்க்கரை வியாதி என்று அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தேன். யார் தின்றது என்று கேட்டதற்கு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஜமீனைக் கைகாட்டினார்.

டப்பாவைப் போட்டுவிட்டு ஜமீனிடம் ஓடினேன். போன மாதம் தடுப்பூசி முகாமில் மாட்டு டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: நாய் சாக்லேட் தின்றால் உயிருக்கே ஆபத்து, அதிலும் கறுப்புச் சாக்லேட் ரொம்ப மோசம். முகாமுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போனது நான். இவர் வீட்டில் படுத்திருந்தார், பாவம், இதெல்லாம் தெரியாது.

டாக்டருக்குப் போன் போட்டேன். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது, நாய் எத்தனை கிலோ என்று கேட்டார். மிளகு நிறுக்கும் தராசில் ஜமீனை ஏற்றினேன். அது வாலாட்டியதில் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுமாராகப் பதினெட்டு கிலோ என்றேன். உப்புத்தண்ணீர் கிண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்துவிடாதீர்கள், உடனே மலையிறங்கி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். நாய் எப்படி டிரம் மூடியைத் திறந்தது, சாக்லேட் சுற்றியிருந்த காகிதத்தை எப்படி நாலாக மடித்து டப்பாவில் வைத்தது என்றெல்லாம் யோசிக்க அப்போது எனக்கு ஏது புத்தி?

பக்கத்து வீட்டு முருகானந்தம் மினி வேனை எடுத்தான். பின்னால் மரவள்ளி மூட்டைகள்மேல் நாங்கள் மூவரும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜமீனின் வாயைத் திறந்து பார்த்து அழுதேன். அதுவோ மூக்கைக் காற்றில் நீட்டிக்கொண்டு ஊர்வலம் போவதுபோல் உட்கார்ந்திருந்தது. இவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"பிரபாவதி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஊட்டுக்குப் போயிரலாம்."

"வாயில்லாத சீவன் சாகக் கெடக்குது, உங்களுக்கு ஊடு கேக்குதுங்களா?"

அடுத்த வளைவில் வேனை நிறுத்தச் சொல்லிக் கூரையைத் தட்டினார். குதித்து ஓடி, தடுப்புச் சுவரைப் பிடித்துக் குனிந்தார். பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் ஏறி இறங்கும் மனுஷன், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. வந்தது பூராவும் கறுப்பு. சாக்லேட் வாசனை காடெல்லாம் வீசியது.

ஜமீன் என் மடியிலிருந்து எகிறிக் குதித்து அதை நக்க ஓடியது. பாய்ந்து கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அப்போதுதான் நிஜமாகவே தின்றிருக்கும். நாயைக் கட்டிக்கொண்டு சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை. இந்த ஆளைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம் போல மட்டும் இருந்தது. முருகானந்தம் ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான்.

போன் அடித்தது. எங்கே வருகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"வந்துட்டே இருக்கறமுங்க டாக்டர். எடையத்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்," என்றேன். "சாக்லேட் தின்னது எழுபத்திரண்டு கிலோங்க."